ஒன்பதாம் வளைவில் ஈரத்துணி

சத்தம் நின்றுவிட்டது. காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று இல்லாமல் போனதும் முதலில் காற்று கேட்டது, பிறகு பின்னால் பலாப்பழம் ஒன்று உருண்டு பலகையில் மோதியது, பிறகு என் நெஞ்சு. கண்ணைத் திறந்தேன். மூடியிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. என் பிள்ளை தர்ணிகா மடியில் இல்லை. இல்லை, இருக்கிறாள், இதோ இருக்கிறாள், எனக்கும் ஓட்டுகிற சீட்டுக்கும் நடுவில் மேடு மாதிரி இருக்கிற இன்ஜின் பெட்டிமேல், சூடு தெரியாமல் இருக்க நாலாக மடித்துப் போட்ட பழைய சேலைமேல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையில் அந்தக் கறுப்புக் குமிழ். இழுத்தால் வண்டி அணைகிற குமிழ். கம்பியோடு ஒரு சாண் வெளியே வந்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், மேலே ரெண்டு பல், கீழே ரெண்டு பல். நான் குமிழை உள்ளே தள்ளினேன். தள்ளினால் திரும்ப ஓடும் என்று நினைத்தேனா, தெரியவில்லை, கை தானாகத் தள்ளியது. ஓடவில்லை. ஓடாது. அவர் போகும்போது என்ன சொன்னார், ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சோதி, அணையாமப் பாத்துக்க. ராயப்பண்ணன் தோட்டத்துல ரெண்டு பழம் கெடக்கு, எடுத்துக்கிட்டு அப்புடியே கேன்ல தண்ணியும் பிடிச்சிட்டு வந்துர்றேன்." அணையாமப் பாத்துக்க. அதுக்கு நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனேன். ராத்திரி பூரா பிள்ளை பல் முளைக்கிற எரிச்சலில் என்னைக் கடித்துக்கொண்டே கிடந்தாள், அதனால் தூங்கினேன் என்று சொல்லலாம். சொன்னால் அவர் திட்டமாட்டார். அதுதான் பயம். திட்டமாட்டார், சிரிப்பார். சிரித்துவிட்டு, "சரி, கட்டையப் பிடி" என்பார்.

கட்டை முன் சக்கரத்துக்கு அடியில் இருக்கிறது. புளியங்கட்டை, அவரே செதுக்கினது, ஒரு பக்கம் கனமாக ஒரு பக்கம் சரிவாக, அதில் துளை போட்டு ஆறு முழம் நைலான் கயிறு. இந்த வண்டி காலையில் குளிர்ந்து கிடக்கும்போது சாவியைத் தொட்டால் போதும், அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும். சூடேறினபிறகு நிறுத்தினால் பிடிக்காது. சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், உயிர் வராது. ரெண்டு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி பிடித்துக்கொள்ளும். ஆனால் நாலு மணிக்கு திண்டுக்கல் மார்க்கெட்டில் ஏலம், அதற்குப் போய்ச் சேராத பழம் மறுநாள் பாதி விலைக்குக்கூடப் போகாது, அதனால் அவர் ஆறவிடமாட்டார். சரிவில் நிறுத்துவார். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார். கிளம்பும்போது நான் கயிற்றை இழுக்கணும், கட்டை வெளியே வரணும், வண்டி தானாக இறங்கணும், இறங்குகிற வேகத்தில் அவர் கியரைப் போட்டுக் கிளட்சை விடணும், வண்டி ஒரு குலுக்கு குலுக்கிப் பிடிக்கணும். அதற்குள் நான் ஓடிவந்து ஏறிக்கொள்ளணும். "எத்தன பேரு செல்ஃபே இல்லாம ஓட்டுறான். சரிவு இருக்க வண்டிக்குச் சாவி எதுக்கு" என்பார். கைபிரேக் பேருக்கு இருக்கிறது. கால்பிரேக் நன்றாக இருக்கிறது, ஆனால் இன்ஜின் ஓடினால்தான் அதுக்கு உயிர். இதைப் பட்டறையில் அருளப்பன் அண்ணன் சொன்னபோது நான் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதிரி திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "இஞ்சின் செத்துருச்சுன்னா ஒரு மிதி கேக்கும்டா, ரெண்டாவது மிதி கல்லு மேல காலு வச்ச மாதிரி இருக்கும். வெளாடாத சடையாண்டி." அவர் என்ன சொன்னார். "கல்லுமேல காலு வச்சு நிக்கிறவன் தாண்ணே மலைக்காரன்." எல்லாரும் சிரித்தார்கள். அருளப்பன் அண்ணனும் சிரித்தார். நான் மட்டும் ஆனி மாசம் பன்னிரண்டாம் வளைவில் நடந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைக்கக்கூடாது. இப்போது அதை நினைக்கக்கூடாது, பிள்ளை தலையை முகர்ந்துபார், விளக்கெண்ணெய் வாசம், பால் வாசம், வியர்வை. பிள்ளை இங்கேதான் இருக்கிறாள். அன்றைக்கும் இங்கேதான் இருந்தாள், இதே இன்ஜின் மூடிமேல், இதே சேலைமேல். அவர் "இழு" என்றார், நான் இழுத்தேன். கட்டை பாதி வந்து சிக்கிக்கொண்டது, ரெண்டு கையாலும் வெட்டி இழுத்தேன், வெளியே வந்த வேகத்தில் நான் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லாமல் போகிறது. சுமை ஏற்றின வண்டி சத்தமில்லாமல் போவதைப் பார்த்தால்தான் தெரியும், அது வண்டி மாதிரியே இருக்காது. ஒரு குலுக்கு குலுக்கியது, பிடிக்கவில்லை. இன்னொரு குலுக்கு. பிடிக்கவில்லை. வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. நான் ஓடினேன். கையில் கயிறு, கயிற்றுக்குப் பின்னால் கட்டை ரோட்டில் இழுபட்டு வருகிறது, அதை விடணும் என்றுகூடத் தோன்றவில்லை. நாற்பது எட்டு இருக்கும் அந்த வளைவு. அந்த நாற்பது எட்டும் எனக்குப் பிள்ளை இல்லை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெற்றேன், வளர்த்தேன், இப்போது இல்லை, என்று கால் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பினதும் வண்டி நின்றது, இன்ஜின் ஓடுகிற சத்தத்தோடு நின்றது, முன்பக்கம் சுவருக்கு ஒரு கை தூரம். அவர் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது, ஆனால் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன புள்ள, கட்டைய மேய்ச்சலுக்கு ஓட்டிக்கிட்டு வாற?" பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி எனக்குப் பால் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அங்கே சுவர் இருந்தது. இங்கே, ஒன்பதாம் வளைவில், சுவர் இல்லை. போன மழையில் சரிந்து போய்விட்டது. சிவப்பும் வெள்ளையும் அடித்த மூன்று தகர டிரம் வைத்திருக்கிறார்கள். டிரம்முக்கு அந்தப்பக்கம் மரத்து உச்சிகள் தெரிகின்றன. மரத்து உச்சி காலுக்குக் கீழே தெரிந்தால் அந்தப்பக்கம் தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கும்.

நான் பிள்ளையோடு இறங்கி நின்றுகொள்ளலாம். இன்றைக்குப் பிள்ளையை உள்ளே வைக்கமாட்டேன் என்று சொல்லலாம். அப்போது அவர் மட்டும் போவார். சிரித்துக்கொண்டே போவார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கயிற்றை இழுப்பேன், என் கையாலேயே இழுப்பேன், வண்டி சத்தமில்லாமல் போகும், டிரம் மூன்றும் உருளும். வேண்டாம். அதற்கு மேல் போகாதே. கீழே இருந்து ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி வருகிற சத்தம். அவரோ என்று பார்த்தேன், அவர் எப்படி மோட்டார் சைக்கிளில் வருவார், வேறு ஒரு ஆள், பின்னால் கோழிக்கூண்டு கட்டியிருக்கிறார், வண்டியைப் பார்த்து நிறுத்திக் காலை ஊன்றினார். "என்னம்மா, படுத்துக்கிச்சா?" நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன். "டிரைவர் எங்க? சடையாண்டி வண்டிதான இது. மலையில பாதிப் பேரு தள்ளிவிட்ட வண்டி. நானே ரெண்டு தடவ தள்ளியிருக்கேன்." சிரித்தார். கூண்டுக்குள் கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டன. "நான் வேணா பின்னால நின்னு ஒரு தள்ளு தள்ளட்டா? ஒனக்கு ஓட்டத் தெரியுமா?" வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், அவ்வளவு வேகமாக ஆட்டினதில் அவரே பயந்துவிட்டார். "சரி தாயி, சரி தாயி, நான் தொடலப்பா" என்று கிளம்பிப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எனக்குப் புதுஆள் முன்னால் வார்த்தை வராது. ஆறாம் வகுப்பில் டீச்சர் எழுந்து வாசி என்றால் எழுந்து நிற்பேன், புத்தகம் கையில் ஆடும், எழுத்தெல்லாம் தெரியும், சத்தம் வராது. அதோடு படிப்பு நின்றுபோனது. சத்தம் வராததால் நிற்கவில்லை, வேறு காரணம், ஆனால் எனக்கு என்னமோ சத்தம் வராததால்தான் நின்றது என்று இருக்கிறது. பட்டறையிலும் அப்படித்தான் நின்றேன். அருளப்பன் அண்ணன் பேட்டரியைப் பார்த்தார், செல்ஃபைக் கழற்றிப் பார்த்தார், டீசல் வருகிற குழாயில் காற்று இருக்கிறதா என்று வாயை வைத்துக்கூட ஊதிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான்டா இருக்கு" என்று டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினார், பிடித்துக்கொண்டது. "பாத்தியா, என் கைபட்டா பிடிக்கிது. நோவு வண்டிக்கில்ல, ஒனக்கு." எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து டீயும் குடித்து முடிப்பதற்குள் வண்டி ஆறிப்போயிருக்கும், அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் மூடியைத் தூக்கி, என் கால் பக்கமாக இருக்கிற ஒரு இரும்பைக் காட்டினார். அதன் தலையிலிருந்து நாலு மெல்லிய குழாய் கிளம்பிப் போகும். "டீசல் பம்பு இது. இது கெட்டாலும் கெட்டிருக்கும். தண்ணி எதும் படவிட்டியா? தண்ணி ஆகாதுடா இதுக்கு." அவர், "தண்ணிக்கு அங்க என்னண்ணே சோலி" என்றார். நான் தரையைப் பார்த்தேன். காது ரெண்டும் சுட்டது.

ஏனென்றால் தண்ணீர் பட்டது. நான்தான் பட வைத்தேன். பிள்ளைக்கு ஆறு மாசத்திலிருந்து நானும் வண்டியில் வருகிறேன், எலுமிச்சை பொறுக்க, கட்டை பிடிக்க. மார்க்கெட்டில் அவர் சுமை இறக்கி ஏலம் முடித்து வர அரைமணி முக்கால்மணி ஆகும். அதற்குள் குழாயடியில் பிள்ளையின் ஈரத்துணிகளை அலசிவிடுவேன். காயப்போட இடம் கிடையாது. நாலு பேர் போகிற இடத்தில் மூத்திரத் துணியைக் கொடி கட்டிக் காயப்போட எனக்கு வெட்கம். அதனால் இந்த மூடியைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே சூடாக இருக்கிற இரும்புமேல் விரித்துப் போடுவேன். என் கைக்கு எட்டுகிற இரும்பு அது ஒன்றுதான், குழாய் முளைத்த அந்த இரும்பு. புஸ்ஸென்று ஆவி வரும், சோறு வடிக்கிற மாதிரி இருக்கும். அவர் தலை தெரிந்ததும் சுருட்டி எடுத்துவிடுவேன். வைகாசியில் ஒருநாள் எடுக்க மறந்துபோய் பிள்ளையின் ஜட்டி நாடா பெல்ட்டில் சுற்றிக்கொண்டு கருகின நாற்றம் வந்தது. அவர் அன்றைக்குத்தான் என்னைக் கல்யாணம் ஆனபிறகு முதல்முறையாகச் சத்தம் போட்டார். "வண்டியா இது, கொடிக்கயிறா? இனிமே ஒரு துணி இதுக்குள்ள பாத்தேன்..." முடிக்கவில்லை. நான் அதற்கப்புறம் போடவே இல்லை. அதற்கப்புறம்தான் வண்டிக்கு நோவு. நான் போட்ட ஈரம் உள்ளே இறங்கி அந்தப் பம்பைத் தின்றிருக்கிறது. பன்னிரண்டாம் வளைவில் பிள்ளை போய்க்கொண்டிருந்தாளே, அது என் துணியால். இதை யாரிடம் சொல்வேன். ராத்திரி பிள்ளை பாலுக்கு முட்டும்போதெல்லாம் இதுதான் முட்டும். வைகாசிக்கு முன்னால் நல்லாத்தானே இருந்தது, வைகாசிக்கு முன்னால் மார்க்கெட்டில் நிறுத்தினால் அதே அரைமணியில் பிடித்துக்கொள்ளுமே, "இன்னிக்கு மகராசி நல்ல குணமா இருக்கா" என்று வண்டியைத் தட்டிக்கொடுப்பாரே. நான் துணி போட்டுக்கொண்டிருந்த நாள் பூரா பிடித்தது. நிறுத்தினபிறகு பிடிக்கவில்லை. போட்டபோது பிடித்தது. நிறுத்தினபிறகு. பிள்ளை என் தாலிக்கயிற்றை வாயில் வைத்துக் கடிக்கிறாள், நான் எடுக்கவில்லை, கடிக்கட்டும். போட்ட நாளெல்லாம் பிடித்தது.

இல்லை, அது தப்பு, ஆனியில் ஒருநாள் துணி போடாமலே பிடித்தது. செட்டியார் தோப்புக்கிட்ட. வெயில் மண்டையைப் பிளந்தது, அவர் வேண்டாவெறுப்பாகத் திருப்பினார், பிடித்துக்கொண்டது, அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அன்றைக்குத் துணி இல்லை. ஆக அப்படி இல்லை. நான் என்ன பெரிய மெக்கானிக்கா, என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கணக்குப் போடுகிறேன். அன்றைக்கு என்ன நடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை அழுதாள். ஏன் அழுதாள், திட்டினேன். ஏன் திட்டினேன். மோர். மோர்ச் சட்டியைக் காலால் உதைத்தாள், மூடிமேல் கொட்டி, இடுக்கு வழியாக எல்லாம் உள்ளே இறங்கியது, என் பக்கத்து இடுக்கு. அவருக்குத் தெரியாமல் சேலையால் துடைத்தேன். மூன்று நாள் வண்டிக்குள் புளித்த வாடை, "என்னடி, எவளாச்சும் தயிர்க்காரிய ஏத்திட்டு வந்தியா" என்று கேட்டார். மோர் எங்கே விழுந்திருக்கும். இந்த இடுக்குக்குக் கீழே என்ன இருக்கிறது. பம்புதான் இருக்கிறது. கெட்டுப்போகவில்லை, என் துணி அதைக் கெடுக்கவில்லை, துணிதான் அதைக் குளிரவைத்து... ஏன் குளிர்ந்தால் ஓடும்? விளக்கெண்ணெய். காலையில் உள்ளங்கையில் ஊற்றினால் மெழுகு மாதிரி நிற்கும், பிள்ளை தலைக்குப் போகிற வரைக்கும் சிந்தாது. சுடவைத்து ஊற்றினால் தண்ணீர் மாதிரி விரல் இடுக்கெல்லாம் ஒழுகி முழங்கை வரைக்கும் வந்துவிடும், தலைக்கு ஒரு சொட்டுப் போகாது. டீசலும் எண்ணெய்தானே. பழைய பம்பு, உள்ளே எல்லாம் தேய்ந்து இடுக்கு விழுந்திருக்கும், என் விரல் மாதிரி. சூட்டில் டீசல் நீர்த்துப்போய் அந்த இடுக்கிலேயே ஒழுகிவிடும், போகவேண்டிய இடத்துக்குப் போகாது. இப்படி இருக்குமா. இப்படி இருந்தால் அருளப்பன் அண்ணனுக்குத் தெரியாதா. முப்பது வருசம் பட்டறை வைத்திருக்கிறவருக்குத் தெரியாதது ஆறாம் வகுப்புக்காரிக்குத் தெரியுமா. ஆனால் அவர் டீ குடிக்கப் போய்விடுவாரே. சூட்டோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் நான்தானே.

பிள்ளையை ஓட்டுகிற சீட்டில் வைக்கலாம் என்று தூக்கினேன், வைக்கவில்லை, அங்கே கைபிரேக் இருக்கிறது. மூடி சூடாக இருந்தாலும் சேலையைப் பிடித்து ஒரு கையால் தூக்கினேன், இடுப்பில் பிள்ளை. அனல் முகத்தில் அடித்தது, பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். பம்பு அங்கே இருக்கிறது. நாலு குழாய். தொட்டேன், விரல் சுரீரென்றது. தண்ணீர் எங்கே. கேனை அவர் கொண்டுபோயிருக்கிறார். மேலே பத்தாம் வளைவுக்குப் பக்கத்தில் ஊற்று இருக்கிறது, போய்வர வண்டியைத் தனியே விடணும், கட்டையை நம்பி விடணும், முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு பாட்டில், முக்கால்வாசி இருக்கிறது. இது தீர்ந்தால் இவளுக்கு என்ன கொடுப்பேன். பால் கொடுப்பேன். வருமா. ஒருமுறை அடுப்பிலிருந்து இறக்கின மண்சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன், பட்டென்று ரெண்டாகப் பிளந்தது, அந்தச் சத்தம் இப்போது கேட்கிறது. பம்பு பிளந்தால். பிளந்தால் வண்டி உருட்டினாலும் பிடிக்காது. அது நல்லதுதானோ, உருட்டவே முடியாமல் போனால். சீ, என்ன நினைப்பு. அவருடைய கை, அவருடைய கால், எல்லாம் இந்த வண்டிதான். ஊற்றவேண்டாம், துணியாகப் போடு, துணியாகத்தானே அன்றைக்கெல்லாம் போட்டேன், ஒன்றும் பிளக்கவில்லையே. பைக்குள் பிள்ளையின் மஞ்சள் கவுன் இருந்தது, நாடா இல்லாதது. நனைத்தேன். பாதிப் பாட்டில் போய்விட்டது. விரித்துப் போட்டேன். புஸ்ஸென்றது. அதே ஆவி, அதே மார்க்கெட் வாசம். எனக்கு அழுகை வந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். இன்னும் கொஞ்சம். பாட்டில் காலி. பிள்ளை காலிப் பாட்டிலைப் பார்த்து, "ஞ்ஞா" என்று கை நீட்டினாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். கீழே ஒற்றையடிப் பாதையில் பேச்சுச் சத்தம். அவர் சிரிக்கிற சத்தம்.

மூடியைப் போட்டுவிட்டு இறங்கினேன். பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, கட்டைக் கயிற்றை எடுத்துக் கையில் ரெண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். ஏன் சுற்றினேன் என்று தெரியாது. வேறு யாரும் இழுத்துவிடக்கூடாது. அவர் தோளில் ஒரு பலா, கையில் தண்ணீர்க் கேன். பின்னால் ராயப்பண்ணன், அவர் தலையில் இன்னொன்று. ஏறி வந்து மூச்சு வாங்கினார்கள். அவர் வண்டியைப் பார்த்தார், காதைச் சாய்த்தார். "என்ன, அமைதியா இருக்கு?" என் பக்கம் திரும்பினார். "அணைஞ்சிருச்சா?" பிள்ளையைக் காட்டினேன். குமிழ் என்று சொல்ல நினைத்தேன், வாயில் எச்சில் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. "அடிப் பாவி மகளே, ஒங்கப்பனுக்கே பிரேக் போட்டியா" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். ராயப்பண்ணன் பழத்தை ஏற்றிவிட்டு, "சூட்டுல பிடிக்காதேப்பா. ஆறவிட்டுப் போயேன்" என்றார். "நாலு மணி ஏலம்ணே. சரிவு சும்மாவா கெடக்கு? சோதி, பிள்ளைய உள்ள வையி. கட்டையப் பிடி." ஏறி உட்கார்ந்தார். கை கைபிரேக்கில். டிரம் மூன்றும் வெயிலில் நிற்கின்றன. எழுந்து வாசி, நாகஜோதி. புத்தகம் ஆடுகிறது. "வைக்கமாட்டேன்" என்றேன். "என்னது?" "பிள்ளைய வைக்கமாட்டேன். கட்டையும் இழுக்கமாட்டேன். சாவியப் போடுங்க." ராயப்பண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் பேசி அவர் கேட்டது கிடையாது. சீட்டில் இருந்தபடி அவர் சிரித்தார். "பிடிக்காது புள்ள. ஒனக்குத் தெரியாதா?" "போடுங்க. துணி போட்டிருக்கேன்." சிரிப்பு நின்றது. மூடியைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் கவுன். "நான் என்ன சொல்லியிருக்கேன்?" "சொல்லியிருக்கீங்க. வைகாசி வரைக்கும் தெனமும் போட்டேன். தெனமும் பிடிச்சிச்சு. மோரு கொட்டுன அன்னிக்கும் பிடிச்சிச்சு. நான் சொல்லாம விட்டது தப்புதான். சாவியப் போடுங்க." இவ்வளவு வார்த்தை எங்கே இருந்தது என்று தெரியவில்லை, வரிசையாக வந்து விழுந்தது, கயிறு சுற்றின கை மரத்துப்போய்விட்டது.

என்னைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். சுற்றியது. சுற்றியது. ஒரு இருமல் மாதிரி வந்தது, போய்விட்டது. சுற்றிக்கொண்டே இருந்தது. விட்டுவிட்டார். "போதுமா?" என்றார், கோபமாக இல்லை, பாவம் என்கிற மாதிரி, அது எனக்குக் கோபத்தைவிடப் பயமாக இருந்தது. கை திரும்பவும் கைபிரேக்குக்குப் போனது. கவுனைப் பார்த்தேன். காய்ந்துபோயிருந்தது, ஓரமெல்லாம் மொடமொடவென்று. அவ்வளவு சூடு. "இருங்க" என்று கத்தினேன். நான் கத்தினேன். பிள்ளை அழ ஆரம்பித்தாள். கயிற்றைக் கீழே விட்டு, அவர் இறக்கி வைத்திருந்த கேனை எடுத்துச் சாய்த்தேன், கவுன்மேல், கொஞ்சம் கொஞ்சமாக, ஆவி முகத்தை மறைத்தது, மண்சட்டிச் சத்தத்துக்குக் காது காத்துக்கொண்டிருந்தது, வரவில்லை, இன்னும் ஊற்றினேன், ஆவி குறைந்தது, சேலை நனைந்தது, ஆவி நின்றது. புறங்கையை வைத்துப் பார்த்தேன், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. குளிர்ந்திருந்தது. "இப்ப" என்றேன். "அட, போட்டுப் பாரேன்ப்பா" என்றார் ராயப்பண்ணன். "குடும்பமே சேர்ந்து குளிப்பாட்டியிருக்கீங்க." திருப்பினார். ஒரு சுற்று. ரெண்டாவது சுற்று பாதியில் நின்ற மாதிரி இருந்தது. தட தடவென்று குலுங்கி, கறுப்பாக ஒரு புகை விட்டு, பிடித்துக்கொண்டது.

அவர் ரெண்டு கையையும் ஸ்டியரிங் வளையத்தில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், டிரம்களைப் பார்த்தாரா, அந்தப்பக்கம் மரத்து உச்சிகளைப் பார்த்தாரா. கொஞ்சநேரம் கழித்துக் கவுனைத் தானே எடுத்துப் பிழிந்து என் கையில் கொடுத்தார். "பன்னெண்டாம் வளைவுல" என்றார். நிறுத்தினார். "மூணாவது மிதிக்கும் கேக்கல சோதி. சுவருதான் வருதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." காலிப் பாட்டிலில் கேனில் மிச்சம் இருந்ததை ஊற்றினார், காய்ச்சாத தண்ணீர், பரவாயில்லை, பிள்ளை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பிரேக்க மிதிச்சிருக்கேன்" என்றார், காலைக் காட்டி. "நல்லா இறங்குது. இழு." நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன். கயிற்றை இழுத்தேன். கட்டை சிக்காமல் வந்தது, என் காலடியில் வந்து விழுந்தது. சக்கரத்தையே பார்த்தேன். வண்டி நகரவில்லை. "ஏறு சோதி" என்றார். நகரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.